செல் மாத்திப் பாத்தீங்களா?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்குள் ரிமோட் வீடு வீடாக நுழைந்த காலத்தைக் கிட்டத்தட்டத் தேதியோடு சொல்லிவிடலாம். 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த 14 அங்குல டப்பா டிவிகள் அடுத்த ஐந்தாண்டுக்குள் மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் விநியோகமாயின. அட்டைப்பெட்டியைப் பிரித்தால் தெர்மாகோலுக்கு நடுவே டிவி, ஓரத்தில் சிறு பாலித்தீன் பையில் ரிமோட். அந்த டிவியைப் பற்றி மேடைகளிலும் பட்ஜெட் விவாதங்களிலும் எவ்வளவோ பேசி முடித்தாயிற்று. பைக்குள் கிடந்ததைப் பற்றி எவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அது மக்கர் செய்யும்போது மட்டும் வீடு முழுக்கப் பேச்சு கிளம்பும்.

அதற்கு முன்பும் அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ வசதியான வீடுகளில் ரிமோட் இருந்தது. ஆனால் பெரும்பாலானோருக்கு அதன் தேவையே வரவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபின் வெகுகாலம் தூர்தர்ஷன் ஒன்றுதான். கடற்கரைப் பக்கத்து ஊர்களில் ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, 1982இல் ஆரம்பித்த இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தவர்கள் உண்டு. அதற்கும் எழுந்துபோய்க் குமிழைத் திருகினால் போதும். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்து, பின்னாலேயே கேபிளில் சேனல்கள் பெருகிய பிறகுதான் உட்கார்ந்த இடத்திலிருந்து மாற்றவேண்டிய அவசரம் பிறந்தது.

அமெரிக்காவில் அந்த அவசரம் 1950லேயே பிறந்துவிட்டது. ஜெனித் நிறுவனம் அந்த ஆண்டு ‘லேசி போன்ஸ்’ என்ற பெயரில், ஒயரோடு கூடிய ரிமோட்டை விற்றது. கூடத்தின் குறுக்கே கிடந்த ஒயர் காலைத் தடுக்கியதால் 1955இல் யூஜின் பாலி என்ற பொறியாளர் டார்ச் வெளிச்சம் அடித்து டிவியை இயக்கும் ‘ஃபிளாஷ்மேட்டிக்’கைச் செய்தார். ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் டிவி தானாகச் சேனல் மாற்றிக்கொள்ளும் என்பது அதன் கோளாறு. அடுத்த ஆண்டு ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ வந்தது. பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழும், டிவி அதைக் கேட்டு நடக்கும். பேட்டரியே கிடையாது. எனக்கு ரிமோட்டின் வரலாற்றில் மிகப் பிடித்தது இந்த ஒன்றுதான். செல் தீர்ந்து நிற்காத ரிமோட்டை மனிதர்கள் ஒருமுறை செய்துவிட்டு, பிறகு கைவிட்டுவிட்டார்கள். பொத்தான்கள் நாலைந்தைத் தாண்டியதும் கம்பிகளால் சமாளிக்க முடியாமல் போய், அகச்சிவப்பு ஒளி அந்த இடத்தைப் பிடித்தது.

நம் ஊருக்கு வந்தது இந்த அகச்சிவப்பு வகைதான். உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம். ரப்பர் பேட் ஒன்று, அதன் அடிப்பக்கம் பொத்தானுக்கு ஒன்றாகக் கறுப்பு நிறக் கார்பன் வட்டங்கள், அவை தொடுவதற்கு ஒரு போர்டு, போர்டின்மேல் ஒரு ஐசி, ஒரு டிரான்சிஸ்டர், மூக்கில் ஒரு எல்இடி, வாலில் இரண்டு செல். பொத்தானை அமுக்கும்போது கார்பன் வட்டம் போர்டில் உள்ள இரண்டு தடங்களை இணைக்கிறது. எந்த வரிசையும் எந்த நிரலும் சேர்ந்தன என்று பார்த்து, எந்தப் பொத்தான் என ஐசி கண்டுபிடிக்கிறது. பிறகு எல்இடியை வினாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை என்ற வேகத்தில் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்புகிறது. விடும் இடைவெளியின் நீளத்தில்தான் செய்தி இருக்கிறது.

பரவலாகப் பயன்படும் என்இசி முறையை எடுத்துக்கொண்டால், முதலில் 9 மில்லிவினாடிக்கு ஒரு நீண்ட துடிப்பு, பின் 4.5 மில்லிவினாடி மௌனம், அதன்பின் 32 துண்டுகளாகச் செய்தி. இந்த 32இல் முதல் பாதி ‘எந்தச் சாதனத்துக்கு’ என்ற முகவரி, பின் பாதி ‘என்ன செய்ய’ என்ற கட்டளை. இரண்டையும் ஒருமுறை நேராகவும் மறுமுறை தலைகீழாகவும் அனுப்பும். நேரும் தலைகீழும் பொருந்தாவிட்டால் டிவி அசையாது. எல்லாம் முடிய வினாடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும்.

முகவரி என்ற இந்த ஏற்பாட்டால் ஒரு வீட்டு ரிமோட் பக்கத்து வீட்டு டிவியைத் தொந்தரவு செய்யாது என்று புத்தகங்கள் சொல்லும். அரசு டிவி வந்த தெருவில் அது பொய்த்துப்போனது. ஒரே கட்டத்தில், ஒரே நிறுவனத்தின் டிவி இறங்கிய தெருவில் எல்லா ரிமோட்டுக்கும் முகவரி ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே நின்று எதிர்வீட்டு நாடகத்தைக் கிரிக்கெட்டாக மாற்றிவிட்டு ஓடும் பையன்களுக்கு இது கொண்டாட்டம். ரிமோட் வேலை செய்யாதவர்களுக்கோ அதைவிடப் பெரிய வரம். பக்கத்து வீட்டு ரிமோட்டை வாங்கிவந்து அமுக்கிப் பார்த்தால், கோளாறு கையில் இருக்கிறதா, டிவியில் இருக்கிறதா என்பது ஒரே அமுக்கில் தெரிந்துவிடும். எந்தச் சர்வீஸ் கடையிலும் இதைவிடச் சுருக்கமான பரிசோதனை கிடையாது. ஆளுக்கு ஒரு கம்பெனி டிவி வாங்கிய பிறகு அந்த வசதி போய்விட்டது.

புதிதாக வந்த ரிமோட்டின் இளமைக்காலம் பாலித்தீன் பைக்குள் கழியும். பையைக் கழற்ற விடமாட்டார்கள். பை கிழிந்தால் தேர்த் திருவிழாக் கடையிலோ வாரச்சந்தைத் தரைக்கடையிலோ பிளாஸ்டிக் உறை வாங்கிப் போடுவார்கள். நகரத்து நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. ரிமோட்டை முதலில் சாகடிப்பது கைவியர்வையும் எண்ணெயும் சோற்றுக்கையும்தான். அப்பத்தா, “அந்தப் பயகிட்ட குடுத்தா அமுக்கி அமுக்கியே தேச்சுப்புடுவான்” என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வதில் தொழில்நுட்ப நியாயம் முழுதாக இருக்கிறது. ஐசி லேசில் கெடாது. எல்இடியும் அப்படித்தான். கெடுவதெல்லாம் மனிதக் கை படும் இடங்கள்: செல் போடும் இடம், அமுக்கும் ரப்பர், கைநழுவி விழும்போது அடிபடும் மூலை. ஒரு ரிமோட்டின் நோய்களை ஆயுசு வரிசையில் எழுதினால் இந்த மூன்றும்தான் வரும்.

முதல் நோய் செல். புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஆகட்டும், ஆலங்குடிக் கடைத்தெருவில் ஆகட்டும், ரிமோட்டை மேசையில் வைத்ததும் வரும் கேள்வி, “செல் மாத்திப் பாத்தீங்களா?” கேட்பவருக்குப் பதில் தெரியும். ‘மாத்தியாச்சு’ என்போம். மாற்றியது சுவர்க்கடிகாரத்திலிருந்து கழற்றிய செல்லாக இருக்கும். கடிகாரம் ஓடுகிறதே, செல் நன்றாகத்தானே இருக்கிறது என்பது நம் கணக்கு. கடிகாரத்துக்குத் தேவைப்படும் மின்னோட்டம் துளி. ரிமோட்டின் எல்இடி துடிக்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மீட்டரில் சும்மா அளந்தால் நல்ல வோல்ட் காட்டும் பழைய செல், அந்த இழுப்பில் படுத்துவிடும். அதனால்தான் ரிமோட் ஒரேயடியாக நிற்பதில்லை. முதலில் தூரம் குறையும். கட்டிலில் இருந்து அமுக்கியது போய், நாற்காலிக்கு வந்து, கடைசியில் டிவியின் மூக்குக்கு நேரே நீட்டி அமுக்குவோம். தூரம் குறைந்துகொண்டே வந்தால் செல்தான், சந்தேகமே வேண்டாம்.

இடைக்கால வைத்தியங்கள் நம்மிடம் நிறைய. செல்லை வெயிலில் காயவைப்பது ரேடியோ காலத்துப் பழக்கம். சூட்டில் உள்ளிருக்கும் வேதிவினை கொஞ்சம் வேகமெடுக்கும் என்பதால் ஒரு நாள் இரண்டு நாள் ஓடும், அவ்வளவுதான். விரலால் செல்லை இருந்த இடத்திலேயே உருட்டுவது இன்னொன்று. அது செல்லுக்கு எதுவும் செய்வதில்லை, ஸ்பிரிங்கும் செல்லும் தொடும் இடத்தில் படிந்த ஆக்சைடைச் சுரண்டுகிறது. உருட்டினால் வேலை செய்கிறது என்றால் கோளாறு செல்லில் இல்லை, தொடுமிடத்தில் என்று பொருள். ரிமோட்டைத் தொடையில் தட்டுவதற்கும் இதே விளக்கம்தான். தட்டிப் பிழைத்த ரிமோட் எதையோ சொல்கிறது. பழைய செல்லைத் துணியால் துடைத்துப் போட்டாலே தீரும் விஷயத்துக்குப் புதுசு வாங்க ஓட வேண்டியதில்லை. ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் போடுவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. வீரியம் குறைந்தது சீக்கிரம் காலியாகி, அதற்குமேலும் மின்னோட்டம் ஓடி, ஒழுகத் தொடங்கும்.

செல் ஒழுகுவதுதான் உண்மையான ஆபத்து. மலிவான துத்தநாகச் செல்லில் வெளிக்கூடே எதிர்முனை. வேலை செய்யச் செய்ய அந்தக் கூடே கரைகிறது. கரைந்து மெலிந்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் உப்புக்கரைசல் வெளியேறி ஸ்பிரிங்கைப் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூக்கவைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் சித்திரை வெயில் இதைத் துரிதப்படுத்தும். இந்த வகைச் செல்லின் ஒழுக்கு அமிலத்தன்மை உள்ளது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். ‘ஆல்கலைன்’ என்று எழுதிய விலை கூடிய செல்லில் ஒழுகுவது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு. எதுவானாலும் பின்பு ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபிறகு செல் போட வேண்டும். ஸ்பிரிங் இற்றுப் போயிருந்தால் பழைய டார்ச்சிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பற்றவைப்பார்கள். செல் மூடி தொலைந்துபோய் ரப்பர் பேண்ட் கட்டிய ரிமோட்டில் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைவதும் இதே வகைக் கோளாறுதான்.

செல் சரி, ஸ்பிரிங் சரி, இன்னும் வேலை செய்யவில்லை. இப்போது எல்இடி எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீள ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, கைபேசிக் கேமராவுக்குத் தெரியும். ரிமோட்டின் மூக்கைக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்கினால் திரையில் வெளிர்ஊதாவாக மினுங்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பார்க்கவும். பின்பக்கத்தில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருப்பது வழக்கம். அரசு டிவி வந்த புதிதில் கேமரா கைபேசி எல்லோர் கையிலும் இல்லை. அப்போது மெக்கானிக்குகள் ஒரு சிறிய ஏஎம் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்தில் ரிமோட்டை அமுக்குவார்கள். கிர்ர் என்று கேட்டால் ஐசி உயிரோடு இருக்கிறது. ரேடியோவில் சத்தம் கேட்டும் டிவி அசையாவிட்டால் எல்இடியோ டிரான்சிஸ்டரோ போயிருக்கும். கோளாறு ஐசி பக்கமா, எல்இடி பக்கமா என்று பிரித்துச் சொல்லிவிடும் என்பதால் கேமராவைவிட ரேடியோ ஒரு படி மேல் என்றே நினைக்கிறேன்.

ஒரு பொத்தானுக்கு மினுங்கி, மற்றொன்றுக்கு மினுங்காவிட்டால் ரப்பர். இதுதான் இரண்டாவது நோய், கடைக்கு வரும் ரிமோட்டுகளின் நடுவயது நோய். முதலில் சாவது சத்தம் கூட்டும் பொத்தானும் சேனல் மாற்றும் பொத்தானும். எண் பொத்தான்கள் புத்தம்புதிதாகவே கிடக்கும். எந்தப் பொத்தான் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே அந்த வீட்டில் யார் கை ஓங்கியது என்று ஓரளவு ஊகிக்கலாம். கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது சிலிகோன் ரப்பரிலிருந்தே கசியும் எண்ணெய்ப் பசை போர்டுக்கும் கார்பனுக்கும் நடுவே படிந்திருக்கும். பசைதான் அதிகம். அதற்கு ரிமோட்டைத் திறக்க வேண்டும். செல் அறைக்குள் ஒரு திருகாணி இருந்தால் இருக்கும், மற்றதெல்லாம் பிளாஸ்டிக் கொக்கிகள். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஓரத்தைக் கடித்துவைப்பதைவிட, காலாவதியான ஏடிஎம் கார்டை மேலும் கீழுமான பாதிகளுக்கு நடுவே விட்டு ஓட்டினால் காயமில்லாமல் திறக்கும்.

ரப்பர் பேடைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம். கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுப் போர்டைத் துடைக்க வேண்டும். தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். உப்புத்தாளோ பிளேடோ தொடவே கூடாது. பழுப்பு நிற மலிவுப் போர்டில் தடங்கள் செம்பு அல்ல, அச்சடித்த கார்பன். ஒருமுறை சுரண்டினால் அந்தப் பொத்தான் நிரந்தரமாகப் போனது. கார்பன் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் கடைக்காரர் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் ஈயத்தாளைப் பொட்டளவு வெட்டி ரப்பரில் ஒட்டுவார். பள்ளிக்கூடப் பையன் பென்சிலால் கறுப்பாகத் தீற்றுவான். பென்சில் ஒரு மாதம் வரும், ஈயத்தாள் வருஷக்கணக்கில் வரும்.

ஒரு பொத்தானும் வேலை செய்யாமல் செல் மட்டும் அடிக்கடி காலியானால் வேறொரு விசாரணை. ஏதோ ஒரு பொத்தான் பசையில் மாட்டி அமுங்கியபடியே கிடக்கும். ஐசி அதையே கவனித்துக்கொண்டிருக்கும், பிறகு நீங்கள் எதை அமுக்கினாலும் ஏற்காது. ஒரு வரிசைப் பொத்தான்கள் மொத்தமாகப் போனால் ரப்பரைக் குற்றம் சொல்லக்கூடாது, அந்த வரிசையின் தடம் எங்கோ அறுந்திருக்கும்.

மூன்றாவது நோய் விழுந்து வருவது. இரண்டு கால் நட்டு நிற்கும் சின்ன ரெசனேட்டர் ஒன்று பழைய ரிமோட்டுகளில் உண்டு. 455 கிலோஹெர்ட்ஸில் அதிரும் பீங்கான் துண்டு அது. அந்த அதிர்வை 12ஆல் வகுத்துத்தான் ஐசி தன் 38,000 துடிப்பைப் பெறுகிறது. சிமெண்டுத் தரையில் விழுந்தால் பீங்கான் விரிசல் விடும் அல்லது அதன் ஈயப்பற்று உதிரும். மேலே சொன்ன ரேடியோவில் சத்தமே வராது. பற்று உதிர்ந்ததென்றால் சால்டரிங் இரும்பின் நுனி ஒரு நொடி பட்டால் போதும். இன்றைய மலிவு ரிமோட்டுகளில் ரெசனேட்டரே இல்லை, துடிப்பை ஐசி தானே உண்டாக்கிக்கொள்கிறது. விழுந்தாலும் பிழைக்கிறது. இது ஒன்றில் மட்டும் மலிவுக்கு ஜெயம்.

ரிமோட் மினுங்குகிறது, டிவி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் குற்றவாளி கையில் இல்லை. டிவியின் முகப்பில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சென்சார் இருக்கிறது. அது 38,000 துடிப்பை மட்டும் கேட்கப் பழக்கப்பட்டது. குண்டு பல்பை மாற்றிச் சிஎஃப்எல் போட்ட காலத்தில் பல வீடுகளில் ராத்திரியானால் ரிமோட் தகராறு செய்தது. பல்பின் உள்சுற்றும் ஏறத்தாழ அதே வேகத்தில் துடிப்பதுதான் காரணம். விளக்கை அணைத்து அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். திண்ணைப் பக்கம் பார்த்த டிவியில் சாயங்கால வெயில் நேராகச் சென்சாரில் விழுந்தாலும் அப்படித்தான்.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் கரையேறி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கூரை பிய்ந்த வீடுகளில் டிவி நனைந்தது, ரிமோட்டும் நனைந்தது. அந்த நாட்களில் ரிமோட்டைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை, நியாயம்தான். நனைந்த ரிமோட்டுக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: செல்லை உடனே கழற்றுவது. தண்ணீர் மட்டும் ரிமோட்டைக் கொல்லாது. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து இருந்தால்தான் தடங்கள் அரிபடும். செல் கழற்றித் திறந்து நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டிருந்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

அதற்கு ஓராண்டு முன்பே, 2017இல், அரசு கேபிள் டிவி நிறுவனம் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு இரண்டாவது ரிமோட் வந்தது. சேனல் மாற்றும் வேலை புதியதற்குப் போக, டிவி ரிமோட்டுக்கு மிஞ்சியது போடுவதும் அணைப்பதும் மட்டும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் ஓர் ஓரமாக டிவிக்கென்று நாலைந்து பொத்தான்கள் தனியாக இருக்கும். முக்கால்வாசிப் பேர் அவற்றைத் தொட்டதே இல்லை. அவை கற்றுக்கொள்ளும் பொத்தான்கள். ‘செட்’ பொத்தானை விளக்கு நிலையாக எரியும்வரை பிடித்து, கற்பிக்க வேண்டிய பொத்தானை ஒருமுறை அமுக்கி, இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்துப் பழைய ரிமோட்டில் அமுக்கினால் விளக்கு மினுங்கும். அந்தக் கணத்தில் பழையதன் துடிப்பு புதியதற்குள் பதிவாகிவிடும். பழைய ரிமோட்டில் ஒரு பொத்தான் சாகும் தறுவாயில் இருக்கிறது என்றால், அது முழுக்கப் போவதற்குள் செய்துவைக்க வேண்டிய காரியம் இது. போன பிறகு கற்பிக்க ஆள் இல்லை. கடையில் கம்பெனி பெயர் சொல்லி டூப்ளிகேட் வாங்கலாம், சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஆனால் கம்பெனியே கடையைக் கட்டிவிட்டுப் போன டிவிகள் நம் வீடுகளில் எத்தனையோ உண்டு.

டப்பா டிவி ஒருநாள் தட்டை டிவிக்கு இடம் விடும். ரிமோட் போவதில்லை. டிவி போன பின்னும் அலமாரியில், ரேஷன் கார்டுக்கும் கரண்ட் அட்டைக்கும் பக்கத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும். செல் போட்டு அமுக்கினால் இன்றும் 32 துண்டுச் செய்தியைப் பிசகாமல் சொல்லும், கேட்பதற்கு டிவி இல்லை. இதே மாவட்டத்துக் குடுமியான்மலைக் குகைக்கோயில் பக்கத்துப் பாறையில் ஏழு பண்களின் சுரங்களை நான்கு நான்காகக் கட்டி வெட்டிவைத்திருக்கிறார்கள். எழுத்து தெளிவாக இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. ஒரே சுரம் வெவ்வேறு உயிரெழுத்தோடு வருவதை எப்படிப் பாட வேண்டும் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. பாறையையும் பிளாஸ்டிக்கையும் ஒரே மூச்சில் பேசுவதற்குத் தொல்லியல்காரர்கள் மன்னிக்கட்டும். மாவட்டத்தில் இரண்டும் இருக்கின்றன.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் பழைய டிவியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. தெருவுக்கு வருவதென்னவோ பழைய இரும்புக்காரர்தான். டிவிக்கு அவர் விலை சொல்வார், உள்ளே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. ரிமோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, செல் இருந்தால் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, தராசில் ஏற்றாமல் சாக்குக்குள் போட்டுக்கொள்வார்.